பதிவில் இல்லாத கருப்பை

கருப்பை இல்லாத ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டிருந்தது. இதை நான் சொல்லவில்லை. நலவலை சொன்னது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு டப்பாவைத் திறந்திருந்தேன். நர்ஸ் ரெஜினா வாசலில் வந்து நின்றாள். அவள் ஓடி வந்தால் நான் பயப்பட மாட்டேன், எல்லாவற்றுக்கும் ஓடுகிறவள். அன்றைக்கு மெதுவாக வந்து மெதுவாகப் பேசினாள்.

"டாக்டர், சாப்பாடு அப்புறம். ரத்தம் நிக்காமப் போகுது. சிஸ்டம் அட்மிஷனே போட மாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். முப்பது வயதிருக்கும், வெளுத்த முகம். வயிறு கையை வைத்தால் பலகை மாதிரி இருந்தது. குழந்தை வெளியே வருவதற்கு முன்பே நஞ்சுக்கொடி கழன்றுவிட்டால் இப்படித்தான் ஆகும். உடனே அறுத்து எடுக்க வேண்டும். தாமதித்தால் முதலில் குழந்தை போகும், பிறகு தாய். அவள் பெயர் சஷ்மிதா. பக்கத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அக்கா, வினோதினி. சஷ்மிதாவின் கணவன் லாரியில் குஜராத் போயிருக்கிறானாம்.

சஷ்மிதாவின் விரலை எடுத்து, ரேகை பார்க்கிற சேர்க்கைப் பலகையில் வைத்தேன். திரையில் அவள் பெயர், ஊர், புகைப்படம் எல்லாம் சரியாக வந்தன. ஸ்கேன் ஒன்றை எடுத்து இணைத்து, அவசர சிசேரியன் என்று கேட்டேன். பதில் கண்மூடித் திறப்பதற்குள் வந்தது.

'இந்த நோயாளிக்குக் கருப்பை அகற்றப்பட்டுள்ளது. கோரிய சிகிச்சை பொருந்தாது.'

நான் இருபத்தைந்து வருடமாகப் பிரசவம் பார்க்கிறவள். இப்படியொரு கூத்தைக் கண்டதில்லை. வயிற்றில் கருவியை வைத்தால் குழந்தையின் இதயம் கேட்கிறது, அதுவும் இருக்க வேண்டிய வேகத்தில் இல்லை. இவளுக்குக் கருப்பை இல்லையாம்!

நலவலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வேறு வேறு கம்பெனியின் மென்பொருள் இருந்தது. ஒன்று சொதப்பினால் இன்னொன்றில் பார்க்கலாம். நலவலைக் கம்பெனி வந்து மற்றவற்றை ஒவ்வொன்றாக விழுங்கியது. நல்லதும் நடந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். கம்பம் ஊரில் அடிபட்டு மயங்கிக் கிடப்பவனின் வைத்திய ஜாதகம் முழுக்க அவனுக்கு முன்னாலேயே மதுரைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். எத்தனையோ பேர் அதனால் பிழைத்தார்கள். அப்புறம் மருந்து அலமாரியை அதோடு இணைத்தார்கள். ரத்த வங்கியின் குளிர்பெட்டி, தியேட்டர் கதவு, மயக்க மருந்து எந்திரம், பிறப்புச் சான்றிதழ் என்று எல்லாம் இணைந்துகொண்டன. இன்றைக்கு அது தலையாட்டாமல் ஒரு ஊசியைக்கூட எடுக்க முடியாது. முன்பு திரையின் ஓரத்தில் அவசரத்துக்கென்று ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. யாரோ எங்கோ அதை அழுத்தி மருந்தைத் திருடி விற்றார்களாம். போன பதிப்பில் பொத்தானை எடுத்துவிட்டார்கள். இனிமேல் அவசரம் என்றால் கம்பெனியின் உதவி மையத்தில் அனுமதி கேட்க வேண்டும்.

கேட்டேன்.

"வணக்கம் டாக்டர் மங்கையர்க்கரசி. சொல்லுங்கள்" என்றது தேன் தடவிய குரல். மனுஷியா எந்திரமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"இங்க ஒருத்தி செத்துக்கிட்டிருக்கா. தியேட்டரைத் திறந்து விடு."

"நோயாளி சஷ்மிதாவுக்கு ஒன்பது வருடங்களுக்கு முன் கருப்பை அகற்றப்பட்டிருக்கிறது, டாக்டர்."

"என் கை இப்ப அவ வயித்து மேலதான் இருக்கு. உள்ள பிள்ளை இருக்கு."

"நீங்கள் இணைத்த ஸ்கேனில் வயிற்றுக் கட்டி என்று பதிவாகியிருக்கிறது. கட்டி அகற்றும் அறுவைக்கு நோயாளி தகுதி பெறுகிறார். வியாழக்கிழமை புற்றுநோய்க் குழு கூடுகிறது. முன்பதிவு செய்யட்டுமா?"

ஸ்கேன் எந்திரமும் அவர்களுடையதுதான். கருப்பையே இல்லாதவள் வயிற்றில் குழந்தை எப்படி இருக்கும்? ஆகவே கட்டி.

"கட்டிக்கு இதயம் துடிக்குமாடி?" என்று கத்தினேன்.

"உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். முதல் பதிவைச் செய்த மருத்துவமனை திருத்தம் அனுப்பினால் உடனே சரிசெய்யப்படும். உங்கள் கோரிக்கை வரிசையில் இருக்கிறது."

முதல் பதிவைச் செய்த மருத்துவமனை எது என்று பார்த்தேன். அதை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டி வெகுகாலம் ஆகிறது. போன மாதம்கூட அங்கே ஒரு காதுகுத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு வந்தேன்.

மயக்க மருத்துவர் ஷாகுல் வந்தார். என்னோடு பன்னிரண்டு வருடமாக வேலை செய்கிற நிதானமான மனிதர். திரையைப் பார்த்தார், நோயாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மங்கை, மதுரைக்கு அனுப்பிரலாமா?"

"அங்க மட்டும் வேற கம்பெனியா இருக்கு? இதே திரை, இதே பதில். போற வழியிலயே முடிஞ்சிரும்."

"அலமாரியை உடைச்சா?"

"உடைச்சு? உங்க மயக்க மெஷின் ஓடுமா?"

"ஓடாது. பேஷன்ட் பதிவு ஏறாம அது மூச்சே விடாது" என்றார்.

ரெஜினா குழந்தையின் இதயத் துடிப்பைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவையும் முன்பு சொன்னதைவிடக் குறைவாக இருந்தது. 

அக்காக்காரியின் பக்கம் திரும்பினேன். "இத்தனை மாசமா எங்கம்மா காட்டுனீங்க? ஒரு இடத்துலயும் இதைக் கண்டுபிடிக்கலையா?"

"நாலு ஆஸ்பத்திரி போனோம் டாக்டர். எல்லாத்துலயும் இதேதான் வந்துச்சு. முதல்ல பதிவைத் திருத்திட்டு வாங்கன்னு அனுப்பிருவாங்க. மனு மேல மனு போட்டோம். பரிசீலனைல இருக்கு, பரிசீலனைல இருக்குன்னு இன்னைக்கு வரைக்கும் வருது." கொஞ்சம் தயங்கிவிட்டு, "கம்ப்யூட்டர் தப்பு டாக்டர்" என்றாள்.

தப்பு என்றால் சும்மா வராது. வயது மாறும், ஊர் மாறும். ஒரு முழு அறுவை சிகிச்சை, தையல் போட்ட நூல் வரைக்கும் விவரத்தோடு, தானாக முளைக்காது. அவள் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தேன்.

"இந்தா பாரு. உன் தங்கச்சிக்கு நேரம் இல்லை. எங்கிட்ட மறைச்சா அவ போயிருவா. அந்த ஆபரேஷன் யாருக்கு நடந்துச்சு?"

உதடு கோணியது.  அழுகைக்கு நடுவே சொன்னாள்.

"எனக்கு."

"என்னது?"

"எனக்குத்தான் டாக்டர். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். பிள்ளை வயித்துக்குள்ளயே போயிருச்சு. ரத்தம் நிக்கல. கர்ப்பப்பையை எடுத்தாத்தான் பொழைப்பேன்னுட்டாங்க. எங்கிட்ட ரேஷன் கார்டு இல்லை. கல்யாணம் ஆனதும் அப்பா கார்டுல எம்பேரை எடுத்துட்டாங்க. மாமியார் வீட்டுக் கார்டுல இன்னும் ஏத்தல. அப்பா கார்டுல இவ பேரு இருந்துச்சு. அம்மா இவ பேரைச் சொல்லி அதை நீட்டிருச்சு."

எங்கள் பக்கத்தில் இருக்கிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. கல்யாணமான பெண்ணின் பெயரைப் பிறந்த வீட்டுக் கார்டில் மறுமாதமே நீக்கிவிடுவார்கள். புகுந்த வீட்டுக் கார்டில் ஏறுவதற்குள் ஒரு பிள்ளை பிறந்துவிடும். அந்த இடைவெளியில் அவள் எந்த வீட்டுக் கணக்கிலும் இல்லை. அரசாங்கக் காப்பீடோ அந்தக் கார்டை வைத்துத்தான். அதனால் அக்காவுக்குத் தங்கை கார்டு, நாத்தனாருக்கு அண்ணி கார்டு என்று நீட்டுவது ஊரில் சாதாரணம். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் தெரியும், கண்டுகொள்ள மாட்டார்கள். பழைய காகிதத்தோடு மக்கிப்போயிருக்க வேண்டிய பொய். நலவலை எல்லாக் காகிதத்தையும் அள்ளிக்கொண்டு போய்க் கல்வெட்டாக ஆக்கிவிட்டது.

"முன்னாடியே சொல்றதுக்கு என்ன கேடு?"

"கார்டு மாத்துனா ஜெயில்னு சொன்னாங்க டாக்டர். நான் சொல்றேன்னுதான் சொன்னேன். இவதான் விடல. அக்காவைப் பிடிச்சுக் குடுத்துட்டு எனக்குப் பிள்ளை வேணாம்னுட்டா." இப்போது அவள் அழவில்லை. கோபமாகப் பேசினாள். "அந்தப் பாவம் என்னையும் விடல டாக்டர். நானும் எங்க வீட்டுக்காரரும் நாலு வருஷமா தத்து கேட்டு எழுதிப் போடுறோம். உங்களுக்குக் கர்ப்பப்பை நல்லா இருக்கு, நீங்களே பெத்துக்கலாம்னு திருப்பி விட்டுருது. எங்கிட்ட இல்லாதது எம் பதிவுல இருக்கு. இவகிட்ட இருக்கறது இவ பதிவுல இல்லை."

அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புத்தியில் உறைத்துவிட்டது. ஷாகுலுக்கும் உறைத்திருக்க வேண்டும்.

"மங்கை, வேணாம்" என்றார்.

"அவ பேர்ல தியேட்டர் திறக்கும்."

"இது மோசடி. ரெண்டு பேர் லைசென்ஸும் போயிரும்."

"போனா நான் வீட்ல உக்காந்து ஊறுகா போட்டு விக்கிறேன்."

"எனக்கு ஊறுகாயும் போடத் தெரியாதே" என்றார் ஷாகுல். சொல்லிக்கொண்டே தலைக்குத் தொப்பியை மாட்டினார். அந்த மனிதருக்குக் கோயில் கட்டலாம், அவர்தான் ஒத்துக்கொள்ள மாட்டார்.

வினோதினியைச் சேர்க்கைப் பலகைக்கு முன்னால் நிறுத்தினேன். "விரலை வை."

வைத்தாள். பிரசவம் என்று தட்டினேன். பலகை பச்சையாகி, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி வாய் திறந்து பேசியது. எங்கள் நிர்வாகம் ஆசைப்பட்டு வாங்கிப் போட்ட குரல் அது.

"வாழ்த்துகள், வினோதினி! நீங்கள் தாயாகப் போகிறீர்கள்."

அவள் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டேன். கை கட்டில் கம்பியைத் தேடியது, கிடைக்காமல் ரெஜினாவின் தோளைப் பிடித்தது. ரெஜினா பலகை அச்சிட்ட கைப்பட்டையைக் கிழித்து எடுத்துச் சஷ்மிதாவின் மணிக்கட்டில் கட்டினாள். தியேட்டர் கதவு திறந்தது.

"ரத்தம்?" என்றார் ஷாகுல். "பெட்டி அக்காவோட குரூப்பைத்தான் தரும். இவளுக்கு என்ன குரூப்னு எந்தப் பதிவை நம்புறது?"

சஷ்மிதாவின் பதிவில் இருந்த குரூப்பும் ஒன்பது வருடத்துக்கு முன்பு அக்காவின் உடம்பிலிருந்து எடுத்துப் பார்த்ததுதானே. மாறின ரத்தம் ஏற்றினால் அறுவையே தேவையில்லை, அதுவே கொன்றுவிடும். ஏற்கனவே குரூப் பதிவாகியிருப்பவருக்கு மறுபடி பரிசோதிக்க ஆய்வகத்தின் எந்திரம் ஒத்துக்கொள்ளாது. ஷாகுல் கல்லூரிப் பையனைப் போல ஒரு வெள்ளை ஓட்டில் துளித்துளியாக ரத்தத்தை வைத்து, மருந்தை விட்டு, ஆட்டி ஆட்டிப் பார்த்தார். 

"ஏ பாசிட்டிவ்" என்றார். "அக்காவுக்கும் அதேதான்."

ரெண்டு பேரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று ரத்தமாவது சாட்சி சொன்னது. பெட்டி திறந்தது.

அறுவையைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. வயிற்றைத் திறந்தேன். பதிவில் இல்லாத அந்தக் கருப்பை ரத்தத்தில் ஊறி, கன்றிப் போய் என் கண்முன்னால் இருந்தது. குழந்தையை எடுத்தேன். பெண். சத்தம் இல்லை. ரெஜினா வாங்கிக்கொண்டு போய் முதுகைத் தேய்த்தாள், மூக்குச் சளியை உறிஞ்சி எடுத்தாள், திட்டினாள். "அழு கழுதை, அழு" என்று அவள் சொல்வது எனக்குக் கேட்டது. நான் திரும்பிப் பார்க்காமல் தையலில் இருந்தேன். கருப்பை சுருங்கவில்லை என்றால் இதையும் எடுக்க வேண்டியதுதான். ஊசி போட்டு இரண்டு கையாலும் பிசைந்தேன். "சுருங்குடி, சுருங்கு" என்று நானும் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன், ஷாகுல் பிற்பாடு சொன்னார்.

முதலில் கருப்பை சுருங்கியது. அப்புறம் குழந்தை அழுதது. நான் முகக்கவசத்துக்குள் தேம்பித் தேம்பி அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன.

வெளியே வந்து கைகழுவும்போது திரையில் ஒரு செய்தி காத்திருந்தது. சஷ்மிதாவின் பெயரில் நான் கேட்ட அவசர அனுமதிக்குப் பதில். 'பரிசீலிக்கப்பட்டது. நோயாளிக்குக் கருப்பை இல்லாததால் கோரிக்கை முடித்துவைக்கப்படுகிறது. எங்கள் சேவையை மதிப்பிடவும்.' ஒரு நட்சத்திரம்கூடப் போடவில்லை.

நிம்மதி சாயங்காலம் வரைக்கும்தான். தொப்புள்கொடியை அறுத்த நொடியிலேயே நலவலை பிறப்பைப் பதிந்து அரசாங்கத்துக்கு அனுப்பியிருந்தது. குழந்தையின் காலில் கட்டிய பட்டையில் 'வினோதினியின் பெண் குழந்தை' என்று இருந்தது. தகப்பன் பெயர் வினோதினியின் கணவன் பெயர். உதவி மையத்தைக் கூப்பிட்டுத் தாயின் பெயரை மாற்ற வேண்டும், சஷ்மிதா என்று போட வேண்டும் என்றேன்.

"சஷ்மிதா இந்தக் குழந்தையின் தாயாக இருக்க முடியாது, டாக்டர். அவருக்குக் கருப்பை..."

"தெரியும், தெரியும். வேற வழி சொல்லு."

"உறவினர் தத்து என்று ஒரு வழி இருக்கிறது. பெற்றவர் விட்டுக்கொடுத்தால் சஷ்மிதா தத்தெடுக்கலாம். கருப்பை இல்லாதவர் என்பதால் அவருக்கு முதல் முன்னுரிமை உண்டு. தாய் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவதற்குள் முடிக்க வேண்டும்."

வீட்டுக்கு அனுப்புகிற நாள் காலையில் இதைச் சஷ்மிதாவிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். தையல் இழுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நான் பெத்த பிள்ளையை நானே தத்தெடுக்கணுமாக்கா? கேட்டியா கூத்தை!" அப்புறம் களைப்பில் குழந்தையை அணைத்தபடியே தூங்கிப்போனாள்.

நலவலையின் கைத்திரையை எடுத்துக்கொண்டு வினோதினியோடு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மூன்று நாளும் அவள்தான் குழந்தையைத் துடைத்து, துணி மாற்றி, தோளில் போட்டுக்கொண்டு வார்டில் நடந்தவள். பார்க்கிறவர்கள் அவளைத்தான் தாய் என்று நினைத்தார்கள். திரையும் அப்படித்தான் நினைத்தது.

'குழந்தையை விட்டுக்கொடுப்பதற்கான காரணம்' என்று கேட்டது. வறுமை, நோய், விருப்பமில்லை. மூன்றே கட்டங்கள்.

அவள் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "என் பிள்ளை இல்லைன்னு ஒரு கட்டம் இல்லையா டாக்டர்?"

"இல்லைம்மா."

"வறுமைன்னு போட்டுறட்டுமா?"

"போட்டா வீட்டுக்கு விசாரணைக்கு வருவாங்க. முடியறதுக்குள்ள பிள்ளையைக் காப்பகத்துல வச்சிருவாங்க. நோய்னு போட்டா உன்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் சோதிப்பாங்க. கர்ப்பப்பை இல்லைன்னு தெரிஞ்சா உன் தங்கச்சியும் மாட்டுவா."

"அப்ப இதானா?" விரல் மூன்றாவது கட்டத்துக்கு மேலே வந்து நின்றது. "நான் எப்படி டாக்டர் விருப்பமில்லைன்னு சொல்லுவேன்? இத்தனை வருஷமா ஏங்குனவ... அதை எந்த வாயால சொல்லுவேன்?"

 திரையை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன்.

அந்தக் கட்டத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. அவள் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். சொல்லாமல் விட்டால் நானும் அந்தக் கம்பெனியும் ஒன்று. "வினோதினி, இதையும் படிச்சிரு" என்று காட்டினேன்.

'விருப்பமின்றிக் குழந்தையை விட்டுக்கொடுத்தவர் பின்னாளில் எந்தக் குழந்தையையும் தத்தெடுக்கத் தகுதியற்றவர்.'

"படிச்சிட்டேன் டாக்டர்" என்றாள். "முதல்லயே படிச்சிட்டேன்."

"யோசிச்சுக்க. சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு. இப்போதைக்கு இந்த உலகத்துல எல்லா எடத்துலயும் இது உன் பிள்ளை. நீ ஒண்ணும் செய்யலைன்னாலும் அப்படியேதான் இருக்கும்." ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவளுக்குத் தெரியாததை நான் சொல்லிவிடவில்லை.

கட்டிலில் சஷ்மிதாவின் கைக்குள் குழந்தை சிணுங்கியது. வினோதினி எழுந்து போனாள். அதன் கால் பட்டையைத் தன் பெயர் தெரிகிற மாதிரி திருப்பினாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.  இவள் தரமாட்டாள், யாரும் இவளைக் கேட்கவும் முடியாது என்று பயந்தேன். அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"இந்தக் கடைசி வரியை அவகிட்ட சொல்லிராதீங்க டாக்டர். தெரிஞ்சா பிள்ளையை எங்கிட்டயே குடுத்துருவா. அவ அப்படித்தான்."

சொல்ல மாட்டேன் என்று தலையசைத்தேன்.

மூன்றாவது கட்டத்தில் விரலை வைத்து அழுத்தினாள். திரை நன்றி சொன்னது. அவள் எழுந்து போய்க் குழந்தையின் ஈரத் துணியை மாற்றினாள்.